பதினாலாம் நம்பர் சாவி

பெரிய வெள்ளி, பின்னேரம்.
டைக் வீதியில் ஒரு தோணியும் இறங்கவில்லை.
பூட்டிய மீன்கடை வாசலில்
நேற்றைய கோவா இலைக்கு
இரண்டு மான்கள் முட்டிக்கொள்கின்றன.

எங்கள் மணியின் நாக்கை
வியாழன் இரவே கட்டியாயிற்று.
மரத்தட்டு மட்டும் கடகடக்கிறது.
காற்றுத் திரும்பும்போது
கோணேசர் மலை மணி
யாரையும் கேட்காமல் உள்ளே வருகிறது.

நான் ஏணியில் நிற்கிறேன்.
வெள்ளைச் சட்டை, வெறுங்கால்,
இடுப்பில் பதினாலாம் நம்பர் சாவி.
படகு எஞ்சின் திருத்துகிறவன்.
பூசைக்கு வந்து ஆறு வருசம்.
ஆனாலும் இந்த ஒரு நாளைக்கு
சங்கிலித்தாம் வஸ்தியாம்பிள்ளை
கராச்சுக்கே ஆள் அனுப்புவார்:
"இடக்கை ஆணி உனக்குத்தானே வழிப்படும்."

ஆணி என்று சனம் நினைப்பது
ஆணியில்லை, மரையாணி.
உப்புக்காற்றில் துருவேறி
மரை தேய்ந்துபோனது.
இறுக்கினால் இறுகாது,
கழற்றினால் கழலாது,
பிடித்த இடத்திலேயே சும்மா சுற்றும்.
உன் விசுவாசம் எப்படி என்று
சுவக்கீன் சுவாமி ஒருமுறை கேட்டார்.
இதைக் காட்டியிருக்கலாம்.
வேலை கூட சுவாமி, என்றேன்.

கீழே பிரசங்கம்
நாலாம் வார்த்தைக்கு வந்துவிட்டது.
கைவிடப்பட்டவன் கத்திய வார்த்தை.
மற்ற ஆறையும் நான்
கடன் வாங்கித்தான் சொல்லவேணும்.
இது ஒன்று என் சொந்தக் காசு மாதிரி.
மேலேயிருந்து பதில் வந்ததாக
அந்த நாலு பேரில் ஒருவரும் எழுதவில்லை.
அதை மூடிமறைக்காமல் விட்டார்களே,
அதற்காகவே சிலவேளை
அவர்களை நம்பலாம் போலிருக்கும்.
பிறகு எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு
மறந்துவிடுவேன்.

முகம் இவ்வளவு கிட்ட.
கீழிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது:
ஒரு கண்ணில் வார்னிஷ் வடிந்திருக்கிறது.
விலாக் காயத்துக்குள்
குளவி மண்ணால் வீடு கட்டுகிறது,
கூரை இன்னும் முடியவில்லை.
துடைக்கத் துணி தந்திருந்தார்கள்.
விட்டுவிட்டேன்.

வலக்கை கழன்றது. கால் கழன்றது.
இடக்கைக்கு மண்ணெண்ணெய்,
ஒரு தட்டு, இன்னொரு தட்டு.
சட்டென்று
முழுப் பாரமும் என் தோளில் சரிந்தது.
வேம்போ முதிரையோ, தெரியாது.
போன வருசம் இந்தப் பாரம் இல்லை.
கீழே வெள்ளைத் துணியோடு நின்ற நாலு பேரும்
அவசரப்பட்டு இழுக்க,
என் வாய் சொன்னது:
"மெல்லப் பிடியுங்கோடா, நோகும்."

ஆருக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.
பெனடிற்றா அக்கா மட்டும்
ஒப்பாரியை நடுவில் நிறுத்தி
ஒருமுறை நிமிர்ந்து பார்த்தா.

ஆசந்தியில் வளர்த்தி
தெருவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.
மெழுகுதிரியும் சனமும் கடற்கரைப் பக்கம்.
நான் மூன்று ஆணியையும் பால்பேணியில் போட்டு
மண்ணெண்ணெய் ஊற்றினேன்.
அடுத்த வருசத்துக்குப் புதுசு வாங்கச் சொல்லவேணும்.
சொல்லுவேன். வாங்கமாட்டார்கள்.

குளவி திரும்பி வந்தது,
வாயில் ஈர மண்ணோடு.
வெறும் சிலுவைக்கு முன்னால்,
விலா இருந்த உயரத்தில்,
அந்தரத்தில் நின்று சுற்றுகிறது.
சற்று விலகிப் போகிறது.
மறுபடி
அதே இடத்துக்கு.

நான் ஏணியை மடக்காமல் நிற்கிறேன்.