ஆம், இல்லை, வரவில்லை

மணிக்கு இருபத்திரண்டு டாலர்.
மதியச் சாப்பாடு என் செலவு.
பிஸ்மார்க் நகரில், சட்டமன்றத்தின் அடித்தளத்தில்,
பச்சை அட்டை போட்ட அவைக்குறிப்புகளோடு
பிப்ரவரி முழுக்க உட்கார்ந்திருந்தேன்.
வேலை இதுதான்:
செனட்டர் வெர்லின் ஸ்ட்ரோடர்
வரி என்று பேச்சு வந்தபோதெல்லாம்
எந்தப் பொத்தானை அமுக்கினார் என்று
இருபத்தாறு வருடத்துக்கும் எண்ணித் தர வேண்டும்.
எதிர்த்து நிற்கும் பையன் கோல்பிக்கு
ஓர் எண் தேவை. பெரிய எண்.

மெல்லும் புகையிலைக்கு வரி: ஆம்.
அவரே மெல்லுகிறவர்தான்,
எல்லாப் புகைப்படத்திலும் இடது கன்னம் புடைத்திருக்கிறது.
காது கேட்கும் கருவிக்கு விலக்கு: இல்லை.
சவப்பெட்டிக்கு விலக்கு: ஆம்.
நான்கு வருடம் கழித்து அதே விலக்குக்கு: இல்லை.
நடுவில் என்ன ஆனது என்று குறிப்பில் இல்லை.
எண்ணெய்க் கிணற்று வரியை
ஏற்றவும் ஆம், இறக்கவும் ஆம், மறுபடி ஏற்றவும் ஆம்.
பீப்பாய் விலை போன பக்கமெல்லாம் போயிருக்கிறார்.
டீசலில் கேலனுக்கு ஒரு சென்ட்,
அந்த ஒற்றை சென்ட்டுக்கு மட்டும் ஒன்பது வாக்கு:
குழுவில், அவையில், திருத்தத்தில்,
திருத்தத்துக்கு வந்த திருத்தத்தில்.
ஒன்பதாகவே எண்ணினேன்.
அப்படித்தான் எண்ணச் சொன்னார்கள்.

அறுபத்திரண்டு.
ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பக்க எண் உண்டு.

தொண்ணூற்றொன்றாம் வருடம், ஏப்ரல்.
நிலவரி பாக்கி வைத்த விவசாயிகளுக்கு
மூன்று வருடத் தவணை தரும் மசோதா.
ஆம் இருபத்தாறு. இல்லை இருபத்தாறு.
வரவில்லை: ஒருவர்.
ஒரு வாக்கில் விழுந்திருக்கிறது.
அந்த ஒருவர் பெயரை
இரண்டு தடவை விரல் வைத்துப் படித்தேன்.

குறிப்பாளர் மேவிஸ் டாக்டருக்கு ஞாபகம் இருந்தது.
"வரவில்லையா? வந்தார். காலையிலிருந்து இங்கேதான் இருந்தார்.
அந்த மசோதாவுக்கு மட்டும்
அனுமதி கேட்டு வெளியே போனார்.
தாழ்வாரத்தில் நின்று காபி குடித்தார்."
ஏன் என்று கேட்டேன்.
"பேப்பரைப் பாருங்கள்" என்றாள்.

கவுண்டி வாரப் பத்திரிகை, மே மாதம்,
ஏல அறிவிப்புகள், பொடி எழுத்து.
நானூற்றெண்பது ஏக்கர், மூன்று வருட பாக்கி.
ஆர்லோ ஸ்ட்ரோடர்.
தம்பி.

பொத்தானை அமுக்கியிருந்தால்
தம்பிக்குக் கொடுத்த வாக்கு என்பார்கள்.
அமுக்கவில்லை.
இது நேர்மையா, பயமா, இல்லை
இரண்டு அண்ணன் தம்பிக்குள் இருந்த பழைய கணக்கா,
தெரியாது. பக்க எண் இல்லாததை
நான் எழுதுவதில்லை.

எழுதியது இது:
"உங்கள் நிலம் ஏலம் போனபோது
செனட்டர் ஸ்ட்ரோடர் எங்கே இருந்தார்?"
பளபளப்பான அட்டையில், சிவப்புக் கொட்டை எழுத்தில்,
பதினோராயிரம் பிரதி.
ஒரு சொல் பொய்யில்லை.
என் வீட்டுப் பெட்டிக்கும் ஒன்று வந்தது,
சொத்துவரி நோட்டீஸோடு ஒட்டிக்கொண்டு.

அக்டோபர் விவாதத்தில் அதே கேள்வியைக்
கோல்பி மனப்பாடமாகக் கேட்டான்.
ஸ்ட்ரோடர் காதிலிருந்த கருவியைத் தொட்டுச் சரி செய்தார்,
விலக்கு வேண்டாம் என்றாரே, அதே மாதிரிக் கருவி.
"வெளியே இருந்தேன்" என்றார்.
மேலே ஏதாவது சொல்வார் என்று
மூன்றாம் வரிசையில் பேனாவோடு காத்திருந்தேன்.
நெறியாளர் அடுத்த கேள்விக்குப் போனார்.
ஒரு கிழவர் மட்டும், பின்னால்,
எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறினார்.
அவர் யார் என்று நான் விசாரிக்கவில்லை.
மணிக்கணக்கு முடிந்திருந்தது.

நவம்பரில், பள்ளிக்கூட ஜிம்மில்,
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே
அட்டைத் தடுப்புக்குள் நின்றேன்.
இரண்டு பெயர், இரண்டு முட்டை வடிவக் கட்டம்.
பேனா ஒழுங்காகத்தான் எழுதியது.
எதை நிரப்பினேன் என்பது
எந்தப் பச்சை அட்டைக்குள்ளும் ஏறாது.
இருபத்தாறு வருடம் கழித்து
மணிக்கு இத்தனை என்று எவளும் வந்து
என்னை எண்ண முடியாது.

வெளியே பனி. யாரோ ஒருவர்
எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்,
இடது கன்னம் புடைத்திருந்தது.
அவர் இல்லை.
இந்த ஊரில் பாதிப் பேர் மெல்லுகிறவர்கள்.