குளிர்பெட்டியை அணைத்த இரவு

சனிக்கிழமைச் சந்தையில் ஷூ பெட்டியோடு வாங்கினேன்.
மூடியில் ஆறு துளைகள், பேனாவால் குத்தியவை.
விற்றவன் கையுறையைக் கழற்றாமலே காசை எண்ணினான்.
"கல்லு மாதிரி இருக்கும், அம்மா."
சீக்கு என்று சொல்லி எந்தச் சந்தையில் விற்கிறார்கள்?

வூச் நகரத்து பிப்ரவரி.
தண்டவாள இடுக்கிலெல்லாம் பனிக்கட்டி.
பத்தாம் எண் டிராமை ஓட்டுகிறவள் நான்.
அன்றைக்கு அதே டிராமில்
பெட்டியை மடியில் வைத்து, சீட்டு வாங்கி, வீடு வந்தேன்.

ஊதா மார்பு, மஞ்சள் வயிறு, பச்சை முதுகு.
ஒரு சாயத்தையும் மிச்சம் வைக்காத ஃபிஞ்ச்கள்.
ஆண் ஒன்று, பெண் ஒன்று.
"பழைய நாலோடு சேர்த்து விடேன், பழகட்டும்" என்றான் ஸெனோன்.
மாட்டேன் என்றேன்.
முப்பது நாள் குளியலறையில் தனிக்கூண்டு,
தனித் தட்டு, தனித் துணி,
உள்ளே போனவர் கை கழுவாமல் வெளியே வரக்கூடாது.
"நம் கல்யாணத்துக்கே இத்தனை நிபந்தனை இல்லை"
என்று முனகிக்கொண்டு
சமையலறைத் தொட்டியில் சவரம் செய்தான்.

கூண்டின் அடியில் வெள்ளைத் தாள்.
காலையில் செய்தித்தாளுக்கு முன்னால் அதைத்தான் படிப்பேன்.
கறுப்புச் சுருளில் வெள்ளை முனை இருந்தால் சரி.
நீராய்ப் பரவியிருந்தால் டீ ஆறிப்போகும்.

மூன்றாம் நாளே பெண் உப்பிக்கொண்டது,
பகலிலும் கண் செருகியது,
ஒவ்வொரு மூச்சுக்கும் வால்
கைப்பம்பு போல ஏறி இறங்கியது.
துணிப்பையில் இட்டுச் சமையல் தராசில் வைத்தேன்.
பை போகப் பதினான்கு கிராம்.
மறுநாள் பதின்மூன்று.
"ஒரு கிராம்தானே" என்றான் ஸெனோன்.
அவன் உடம்பில் அந்த ஒரு கிராம்
ஆறு கிலோ.

அன்றிரவு குளிர்பெட்டியை அணைத்தேன்.
சுவர்க்கடிகாரத்தின் பாட்டரியைப் பிடுங்கினேன்.
இருட்டில் கம்பியோரம் காதை வைத்தேன்.

டிக்.

நகத்தில் நகம் படுவது போல, மூச்சின் அடியில்.

டிக்.

ஓடும் சக்கரத்தைக் கேட்டே
எந்த பேரிங் தேய்ந்தது என்று சொல்லும் காது இது,
இருபத்திரண்டு வருடமாக.

"காற்றுப்பையில் பேன்" என்றாள் மருத்துவர் வ்ஷோசெக்.
பின்கழுத்து இறகை வாயால் ஊதி விலக்கி
வெறும் தோலில் ஒரே ஒரு சொட்டு.
சூட்டுவிளக்கைக் கூண்டின் ஒரு பக்கம் மட்டும் வை,
போதுமென்றால் அது விலகிப்போக இடம் வேண்டும் என்றாள்.
பிறகு கேட்டாள்:
"இதன் ஜோடி எங்கே?"
"அது பாடுகிறது."
அவள் பேனாவை மூடினாள்.
"நாளைக் காலை கொண்டு வா."

நாளைக் காலை எனக்கு நாலரை மணி ஷிஃப்ட்.
நாளை மறுநாள் என்று வைத்துக்கொண்டேன்.

வந்த அன்று நீட்டி இழுத்த பாட்டு
வியாழக்கிழமை பாதியில் நின்றிருந்தது.
வீடு பழகிவிட்டது, அதனால் சுருக்கிக்கொண்டது
என்று எடுத்துக்கொண்டேன்.
விதையைக் கொத்திக் கொத்தி உதறியது,
தட்டில் உமி சேர்ந்தது,
தின்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.
நோட்டில் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கவில்லை.

வெள்ளைத் தாளின் மேல் கிடந்தது,
கால் விரல்கள் எதையோ பிடித்தபடி.
அப்போதுதான் தராசில் வைத்தேன்.
பதினொன்று.

பெண்ணுக்கு இரண்டாம் சொட்டு பத்தாம் நாள்.
இப்போது பதினைந்து கிராம்,
என் விரலைக் கடிக்கிறது, நன்றாகவே கடிக்கிறது.

நேற்றிரவு பத்து மணிக்கு
குளிர்பெட்டியை அணைத்தது ஸெனோன்.
பாய்லர் அறையில் முப்பது வருடம் நின்றவன்,
கதவு மணியே அவனுக்குக் கேட்காது.
இருட்டில் என் பக்கத்தில் குனிந்து
மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.
"கேட்கிறதா?"
"இல்லை" என்றேன்.
"எனக்கும் இல்லை" என்றான்.
இன்னும் கொஞ்சம் நின்றோம்.
வெண்ணெய் உருகத் தொடங்கியிருக்கும்.