தொட்டால் பூஜ்யம்

பதினொரு கைப்பிடிகள்
ஆணியில் தொங்கியதால் பிழைத்தன.
மேசைமேல் இருந்த மூன்று கேம் பெட்டிகளும்
ஆற்றோடு ஒரு ராத்திரி தங்கிவிட்டு
காதுவரை சேறோடு கிடந்தன.

சிந்துபூந்துறையில் எங்கள் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது.
மணிக்கு இருபது ரூபாய்.
கடன் சொன்னால் சுவரில் சாக்பீஸ்.
வெள்ளம் நெஞ்சுயரத்துக்கு ஒரு கோடு இழுத்து
கோட்டுக்குக் கீழிருந்த கடனையெல்லாம்
தள்ளுபடி செய்துவிட்டுப் போனது.

"அகப்பை இருக்கு, பானை இல்ல"
என்றான் பிரமநாயகம், கடையில் பாதிப் பங்கு.
ஈரப் பாயை மாடிக்குச் சுமந்தபடி
வேறு சிலவும் சொன்னான்.
அதை எழுத முடியாது.

வண்ணார்பேட்டை மதினி வீட்டில்
சும்மா கிடந்தது ஒரு கம்ப்யூட்டர்.
அதன் சப்பை வாய்க்குள்
இந்த ஒன்பது ஓட்டை பிளக் நுழையாது.
நுழைந்தாலும் ஒன்றின் பேச்சு மற்றதற்கு விளங்காது.
நடுவில் நிற்க ஒரு பலகை வேண்டும்,
தீப்பெட்டி அகலம் போதும்.

கிட் பார்சலில் வந்தது.
மின்தடை பன்னிரண்டு என்று போட்டிருந்தார்கள்.
நாலு தடவை எண்ணியும் பதினொன்று.
டவுனில் நாலு ரேடியோ கடை ஏறி இறங்கினேன்.
"ஒண்ணே ஒண்ணுக்கு பில் போடவா?"
சிரித்த கடைக்காரர்
செத்த டிவி ஒன்றின் வயிற்றிலிருந்து
பிடுங்கித் தந்தார்.
காசு வாங்கவில்லை.

சமையல்கட்டில் உட்கார்ந்து ஈயம் வைத்தேன்.
மூன்றாவது கால் ஒட்டும்போது கரண்ட் போனது.
இருட்டில் சூட்டுக்கோல் பைய ஆறியது.
வந்தபிறகு பார்த்தால்
அந்த ஒரு சொட்டு மட்டும் மங்கிப்போய்
பிடிக்காமல் ஒட்டிக்கொண்டிருந்தது.
சுரண்டி எடுத்து மறுபடி வைத்தேன்.

கைப்பிடிக்குள் நடப்பது இவ்வளவுதான்:
பலகை ஒரு தட்டுத் தட்டும்.
எட்டுப் பொத்தானும் இருந்தது இருந்தபடி உறையும்.
அடுத்தடுத்த தட்டுக்கு ஒவ்வொன்றாய்
வரிசை மாறாமல் தன் நிலைமையைச் சொல்லும்.
நொடிக்கு அறுபது தடவை இந்த ஆஜர்.
அழுத்திய பொத்தான் பூஜ்யம் என்கிறது.
யாரும் தொடாதது
ஒன்று என்கிறது.

இதைப் படித்துவிட்டுப் பாலைப் பொங்கவிட்டேன்.
கம்பி எங்கும் சேராமல் தொங்கிய மாதங்களில்
அவை எதையும் சொல்லியிருக்காது,
தெரியும்.
இருந்தாலும் பதினொன்றையும் இறக்கித் துடைத்தேன்.

ஏழாம் நம்பர் மட்டும்
தொடாமலே பூஜ்யம் பூஜ்யம் என்றது.
என் நிரலில்தான் தப்பு என்று இரண்டு நாள் தேடினேன்.
திறந்தால், ரப்பருக்கு அடியில்
ஒரு மனோலத் துணுக்கு,
கூடவே காய்ந்த எறும்பு ஒன்று.
யார் தின்ற கை என்று
பிரமநாயகத்துக்கு உடனே தெரிந்தது.

அந்தக் கைதான் முதலில் வந்தது.
வன்னியராசு, ஐடிஐ இரண்டாம் வருஷம்.
சுவரைப் பார்த்தான். சுண்ணாம்பு புதுசு.
"என் பாக்கி முப்பத்தஞ்சு" என்று
கேட்காமலே நோட்டை நீட்டினான்.

செருகினேன். விளக்கு எரிந்தது.
திரையில் குட்டி மனுஷன் எழுந்து நின்றான்.
இடது அழுத்தினால் வலது போனான்,
வலது அழுத்தினால் குழியில் விழுந்தான்.
நிரலில் இரண்டு வரியை இடம் மாற்றியிருக்கிறேன்.
"ரெண்டு நிமிஷம்" என்று மௌசைப் பிடித்தேன்.

"எளா வடிவு, சவத்த அப்படியே விடு.
அவனுக்கும் எனக்கும் ஒரே தப்புன்னா
அது ஆட்டம்தானே?"
பிரமநாயகம் அதற்குள் பாயில் உட்கார்ந்துவிட்டான்.
வன்னியராசு நாலு தடவை செத்து
ஐந்தாவதில் குழியைத் தாண்டினான்.

மறுநாள் இரண்டாவது பலகையை ஒட்டி முடித்து
அதற்கும்
அதே தப்பை ஏற்றினேன்,
இந்தத் தடவை
சரிபார்த்து.