மூன்று எழுத்து

வண்டிப்பெரியாறு ஃபாக்டரியில் எனக்கு வேலை
பெட்டிக்கு மை அடிப்பது.
வெட்டிய தகரத்தை வைத்து ஒரே இழுப்பு.
முதலாவது, நாலாம் நம்பர் மாதிரி.
அடுத்தது கூடாரம்.
கடைசி எழுத்து தலையில் பிறை வைத்திருக்கும்.
நாளைக்கு இருநூறு பெட்டி.

"தொழிலாளி ஆளுற நாட்டுக்குப் போகுது,
கோணாம அடி" என்பார் யூனியன் தங்கப்பன்.
நன்றி என்றோ வாழ்க என்றோ இருக்கும் என
நானாக வைத்துக்கொண்டேன்.

ஒரு மார்கழியில் லாரி வரவில்லை.
அந்த நாடே இல்லையாம்.
"நேத்து அடிச்ச மையே காயலையே" என்றாள் சந்தனமாரி.
யாரும் சிரிக்கவில்லை.

அப்புறம் ஃபாக்டரியும் இல்லை.
பூட்டுக்கு மேல் மலையாளத்தில் நோட்டீஸ்,
அதுவும் எனக்கு மைதான்.
கிராஜுவிட்டி வரும் என்று வாசித்தார் தங்கப்பன்.
வருஷத்துக்கு வருஷம் கொடிதான் புதுசாக வந்தது.

மிஞ்சிய பலகையில் கோழிக்கூடு கட்டினேன்.
போன மாசம், தேக்கடி பார்க்க வந்த வெள்ளைக்காரன் ஒருவன்
லயத்துக்குள் நுழைந்து
கூட்டின் முன் குத்தவைத்தான்.
விரலை எழுத்தின் மேல் ஓட்டி
"சாய்" என்றான்.
எதன் மேல் சாய்வது என்று பார்த்தேன்.
"சாயா, சேச்சி, சாயா" என்றான் கைடு.

பதினோரு வருஷம்
தேயிலைப் பெட்டி மேல்
தேயிலை என்றே எழுதியிருக்கிறேன்.

எந்த ஊர் என்று கேட்கச் சொன்னேன்.
பிறந்தப்போ ஒரு பேர், இப்போ வேற பேராம்.
அடுப்பைப் பற்றவைத்தேன்.
இரண்டாம் முறையும் சர்க்கரை கேட்டு வாங்கிக் குடித்தான்.
கடையில் வாங்கிய பாக்கெட் தூள்.