பேட்டைக்கு மேற்கே, கேட்டில்

செங்கோட்டை பாசஞ்சருக்குக் கேட் போட்டாச்சு.
பிரம்மசக்தி அக்கா கைப்பிடியைச் சுற்றுகிறாள்,
எட்டுச் சுற்று, ஒன்பதில் பாதி.
பின்பக்கத்து இரும்புக் குண்டு
ஒரு முழம்கூட ஏறவில்லை.
முன்பக்கத்துக் கம்பின் நுனியோ
வேம்பின் உச்சியிலிருந்து
என் ஸ்கூட்டி விளக்குவரை
ஆகாசத்தில் வில் போட்டு இறங்கி நிற்கிறது.

நாலு வருஷமாக இதைத்தான் பார்க்கிறேன்
அபிஷேகப்பட்டியில், இருட்டறையில்,
நானோமீட்டரில்.

மையோசின் என்று பெயர்.
அதன் தலை ஆக்டின் இழையைக் கவ்வியிருக்கும்.
ஏடிபி ஏற்கெனவே உடைந்தாயிற்று;
மிச்சமிருந்த பாஸ்பேட் கழன்று விலகும்போது
தலைக்குள் ஒரு நெளிவு.
ஒரு நானோமீட்டர்கூடத் தேறாது.
நகர்வு என்று அதைச் சொன்னால்
பரீட்சைக்குழு சிரிக்கும்.
ஆனால் கழுத்தில் விறைப்பாக ஒரு கை இருக்கிறது.
நெளிவு கையின் அடியில் போய் முட்ட,
நுனி வீசுகிறது
பத்து நானோமீட்டர்.
அவ்வளவுதான்.
அப்படிக் கோடிக் கோடி வீச்சு சேர்ந்துதான்
அக்காவின் முழங்கை
கைப்பிடியை ஒன்பதாவது தடவை மேலே கொண்டுவந்தது.

பைபாஸ் பஞ்சர் கடையில்
ஸ்பானருக்குக் குழாய் மாட்டித் திருகுவார்கள்.
அது வேறு கணக்கு:
தூரத்தைக் கொடுத்துப் பலம் வாங்குவது.
இது பலத்தைக் கொடுத்துத் தூரம் வாங்குவது.
இரண்டு கடையிலும் ஓசி கிடையாது.

போன ஐப்பசியில்
கையை நீளமாக்கிப் பார்த்தேன்.
இரண்டு கண்ணி கூடுதலாக ஒட்டினேன்.
வீச்சு கூடும், வேகம் கூடும் என்று
காகிதத்தில் கோடு நேராக ஏறியது.
கண்ணாடித் தகட்டில் ஒன்றும் ஏறவில்லை.
கார்த்திகை போயிற்று, மார்கழியும்.
கையைச் சுற்றிப் பிடிக்கும் கால்மோடுலின் போதாமல்
கை துவண்டிருக்கிறது;
தை பிறந்தபிறகுதான் பிடிபட்டது.
ஈர வாழைமட்டையைக் கொண்டு
யார் கேட் போடுவார்கள்?

இன்றைக்குச் சனிக்கிழமை.
இசக்கிரூபா வந்திருக்கிறாள்,
பாளையங்கோட்டையில் காது கேளாதோர் பள்ளி, ஐந்தாம் வகுப்பு.
மணி அடிப்பது அவளுக்கில்லை.
கம்பு இறங்குவதைப் பார்த்துத்தான்
ஆட்டுக்குட்டியை இந்தப் பக்கம் இழுத்தாள்.

காதுக்குள்ளும் ஒரு மையோசின் உண்டு.
கை மற்றவற்றுக்கு எதிராய் மடங்கி
பின்னோக்கி நடக்கிற வகை.
அது பழுதானால் சத்தம் நின்றுபோகும்.
இவளுக்கு அதுதானா, வேறா,
நான் கேட்டதில்லை.

ஸ்கூட்டியில் கட்டிய தெர்மாகோல் பெட்டியைக் காட்டி
புருவத்தைத் தூக்கினாள்:
என்ன?
எனக்குச் சைகை வராது.
இடது உள்ளங்கையில் வலது முழங்கையை ஊன்றி
முன்கையை வீசிக் காட்டினேன்.
கேட்டைக் காட்டினேன். மறுபடி வீசினேன்.
அவள் இல்லையென்று தலையாட்டினாள்.
வாத்தியாரைத் திருத்துகிற பொறுமையோடு
அம்மாவின் சேலைத் தலைப்பை
முதலில் கொத்தாகப் பிடித்தாள்,
பிறகு முழங்கையை லேசாக அசைத்தாள்.
ஒரு சாண் சேலை அவள் பக்கம் வந்தது.

வீச்சைக் காட்டினேன் நான்.
பிடியை விட்டுவிட்டேன்.
கவ்வாத கை
எத்தனை நீளமாய் வீசி என்ன,
இழை இருந்த இடத்தில்தான் இருக்கும்.

ரயில் போயிற்று, ஏழு பெட்டி.
கேட்டைத் தூக்க அக்கா திரும்பினாள்.
தலைப்பு இன்னும் அந்தக் கைக்குள்.
“விடுளா, சவத்த மூதி.”
எனக்குத்தான் சுருக்கென்றது.
பிடித்ததை விடுவதற்கும்
புதிதாய் ஒரு ஏடிபி வந்து ஒட்டவேண்டும்.
அது வராத உடம்பில்
எல்லாக் கைகளும் கவ்வியது கவ்வியபடி
விறைத்துக் கிடக்கும்.
மார்ச்சுவரிக்காரர்களுக்கு அது மணிக்கணக்கில் தெரியும்.

உதட்டைப் படித்துவிட்டுச் சிரித்தாள் அவள்.
விட்டாள்.
உடனே, இன்னும் கொஞ்சம் மேலே,
மறுபடி பிடித்தாள்.

குண்டு ஒரு முழம் இறங்கியது.
எனக்குப் பின்னால்
எல்லா வண்டிகளும் ஒரே நேரத்தில் ஆரன் அடித்தன.