இருபது தெத்ரி

திபிலிசி ரயில் நிலையத்தின் அடியில், சுரங்கப்பாதையில்,
பூ விற்கும் ஏத்தெரிக்கும் பூட்டு திறப்பவனுக்கும் நடுவே
ஒரு மடக்கு நாற்காலி, பழைய கம்பளித் துண்டு,
அதன்மேல் என் எடைக் கருவி.
ஏறி இறங்க இருபது தெத்ரி.

காலையில் காவலர் ஏறுவார். காசு தரமாட்டார்.
தொப்பியோடு எண்பத்தாறு.
தொப்பி இல்லாமலும் எண்பத்தாறு.
தலைக்கனம் என் முள்ளுக்குத் தெரிவதில்லை.

காகெத்தியிலிருந்து வரும் ஸாஸா
வால்நட் சாக்கோடு ஒரு தடவை,
சாக்கை இறக்கி வைத்து ஒரு தடவை ஏறுவான்.
கழித்தால் நாற்பத்தொன்று.
"முப்பத்தெட்டு என்றானே, பாவி!"
மூன்று கிலோ ஆத்திரத்தோடு படியேறிப் போவான்.

மகன் வாங்கிய கடனுக்கு நான் போட்ட கையெழுத்தை
ஒருநாள் ஆள் இல்லாத நேரத்தில் நிறுத்துப் பார்த்தேன்.
ஒரே தாள். பூஜ்யம்.

அந்தப் பெண் செப்டம்பரில் வந்தாள்.
மருந்துக்கடை வேலை முடிந்து, வெள்ளிதோறும்.
ஐம்பத்தேழு. ஐம்பத்தெட்டரை. அறுபத்தொன்று.
பேருந்துச் சீட்டின் பின்னால் எழுதிக்கொள்வாள்.
வாயும் வயிறுமாக இருக்கிறாள் என்று
ஏத்தெரிதான் முதலில் கண்டுபிடித்தாள்.
மார்ச் எட்டாம் தேதி அறுபத்தெட்டு;
ஏத்தெரி ஒரு மிமோசாக் கிளையைச் சும்மா கொடுத்தாள்.
கிளையோடு ஏறச் சொன்னோம். சிரித்தோம்.

பிறகு ஐந்து வெள்ளிகள்.

ஆறாவது வெள்ளி வந்தாள்.
கையில் எதுவும் இல்லை, பைகூட.
ஏத்தெரி வாளிப் பக்கம் திரும்பி
நனைந்த தண்டுகளை மறுபடி நனைத்தாள்.
ஐம்பத்தாறு.
இறங்கினாள். காலணியைக் கழற்றிவிட்டு ஏறினாள்.
ஐம்பத்தைந்தரை.
"இது கெட்டுப்போச்சு," என்றாள்.
"நான் இவ்வளவு லேசா இல்லை."

இப்படிச் சொல்பவர்களோடு
பதினோரு வருடமாகச் சண்டை பிடிப்பவள் நான்.
நானே ஏறி நின்று எழுபத்துநான்கைக் காட்டுவேன்,
வாய் மூடிப் போவார்கள்.
"ஆமாம்," என்றேன். "கெட்டுப்போச்சு."
குனிந்து, திருகக் கூடாத திருகை
இரண்டு சுற்று திருகினேன்.

கெட்ட கருவிக்குக் காசு வேண்டாம் என்றும் சொன்னேன்.
அவள் காசைக் கண்ணாடிமேல் வைத்துவிட்டுப் போனாள்.
இருபது தெத்ரிக்கு முள் அசையாது.

அன்றிரவு வீட்டுக்குத் தூக்கிப் போனேன், ஐந்தாம் மாடிக்கு.
லிஃப்டில் போடச் சில்லறை இருந்தது,
அந்தக் காசைச் சேர்த்தால்.
நடந்தேன்.
மூன்றாம் மாடியில் இறக்கி வைத்தபோதுதான் தோன்றியது,
இது எத்தனை கிலோ என்று
ஒருவரும் கேட்டதே இல்லை.