நெஞ்சளவு

மரத்தின் சுற்றை நெஞ்சளவில் எடுக்க வேண்டும்.
யாருடைய நெஞ்சு என்று படிவத்தில் இல்லை.
தரையிலிருந்து நூற்று முப்பத்தேழு சென்டிமீட்டர்,
அவ்வளவுதான்.
எனக்கு அங்கே வாய் வருகிறது.
ஒவ்வொரு மரத்தோடும்
ரகசியம் பேசப்போகிறவள்போல நின்று
டேப்பைச் சுற்றுகிறேன்.

முதல் கட்டம் நவ்வலடித் தேரி.
பத்துக்குப் பத்து மீட்டர்,
நாலு முளை, ஒரு மஞ்சள் கயிறு.
உள்ளே செம்மணலும் ஏழு உடைமரமும்.
மூன்று குடை விரித்திருந்தன,
மற்றதெல்லாம் ஆடு கடித்த உயரம்.
எண்ணி முடிப்பதற்குள்
பாதிக் கட்டத்தைக் காற்று
கயிற்றுக்கு வெளியே கொண்டுபோய்விட்டது.

கடைசிப் பத்தி, மனிதத் தலையீடு:
குறைவு, நடுத்தரம், மிகுதி.
ஏதேனும் ஒன்றில் மட்டும் டிக் செய்க.

நாங்குநேரி தாண்டினால் சீமைக்கருவேலம்.
கயிறு கட்ட உள்ளே நுழையவே
அரிவாள் வேண்டியிருந்தது.
"வந்தேறிச் சனியன், தண்ணியெல்லாம் குடிச்சிட்டு" என்றார் ஆசீர் சார்.
தலையாட்டினேன்.
என் காலேஜ் பீஸ் மூன்று வருசமும்
இதன் மூட்டத்தில் வெந்தது.
அப்பா எண்ணிக் கொடுத்த நோட்டுகளில்
காந்தியின் மூக்குக்கு மேல்
கரிரேகை இருக்கும்.
மிகுதி.

முண்டந்துறைத் தேக்குக்குக் கயிறே தேவையில்லை.
மரத்துக்கு மரம் ஒரே இடைவெளி.
அன்றைக்கு நட்டவன் கையிலும் ஒரு கோல் இருந்திருக்கும்,
அது யாருடைய எட்டு என்று
அவனுக்கும் சொல்லியிருக்க மாட்டார்கள்.
வரிசைக்கு நடுவே ஒரு மருது,
எப்படியோ தப்பி,
தொப்பை போட்டு நின்றது.

அதற்கும் மேலே, ஆளில்லாத எஸ்டேட்.
தேயிலையும் மரம்தான்,
விட்டால் முப்பது அடி போகும்.
விடவில்லை.
கவாத்து, கவாத்து, கவாத்து,
ஒரு தடவைகூட நெஞ்சுவரை வந்ததில்லை,
அதனால் படிவத்தில் அது மரமில்லை.
பறித்தவர்கள் இறங்கிப்போன பிறகு
ஏறத் தொடங்கியிருக்கிறது.
சில தூர் என் கழுத்துக்கு.
லைன்வீட்டுச் சுவரில் கரியால்,
"மரியபுஷ்பம் சம்பளப் பாக்கி 4 நாள்."
வாசலில் கொய்யா, ஒன்று.
சுற்று நாற்பத்தொன்று.
டேப்புக்கு ஒரு சாண் மேலே
கரடியின் நகக்கீறல்.

மழைக்காட்டுக்கு மாத்தன் கூட வந்தான்.
காணி, வேட்டைத் தடுப்புக் காவலன்,
என் வயதுதான்.
என் பிஸ்கட்டில் பாதி அவனுக்கு,
அவன் மூக்குப்பொடியில் பாதி
என் அட்டைக் கடிக்கு.
நாங்கு, குங்கிலியம்,
ஈரத்தில் சிவந்த செங்குறிஞ்சி.
ஒரு மரத்துக்கு இரண்டு டேப்பை முடிச்சுப் போட்டோம்.
"குறைவு"க்குப் பென்சில் போனபோது
எட்டிப் பார்த்தான்.

"இந்தச் சரிவு பூரா எங்க ஆளுக கிழங்கு போட்டது.
இந்த ஒத்த மரத்தை வெட்டாம விட்டிருக்காக.
வெட்டாம விட்டதுக்கு எங்க டிக்கு போடுவீய?"

எதற்கும் நான் படிவத்தைத் திருப்பிப் பார்த்தேன்.
பின்பக்கம் ஆசீர் சார் எழுதிய டீக்கணக்கு.

அதற்குள் மழை.
தாள் நனையாமல் இருக்கச்
சட்டைக்குள் செருகிக்கொண்டேன்,
நெஞ்சோடு.
அது நூற்று எட்டு சென்டிமீட்டரில் இருக்கிறது.

அந்தப் பெட்டியைக் காலியாகவே அனுப்பினேன்.
இரண்டாம் நாள் போன் வந்தது,
விடுபட்டிருக்கிறது, நிரப்புங்கள் என்று.